பந்தயக் கூரையை வீதிக்குக் கொண்டுவருதல்: திறந்த கார் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

ஒக்டோபர் முடிவில் ஒன்ராறியோவின் மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கும்போது, திறந்த கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழிகளே தென்படும். காரை மூடிக் கட்டி ஏப்ரல் வரை கராஜில் உறங்க விடுவது ஒன்று. துணிக்கூரையை நம்பி மழையிலும் பனியிலும் ஓடுவது மற்றையது. மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதுதான் கழற்றிப் பூட்டக்கூடிய கடினக் கூரை, அதாவது ஹார்ட்டாப்.

தொழிற்சாலையில் செய்த ஹார்ட்டாப் இப்போது இலகுவில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆயிரம் டொலருக்கு மேல் கேட்கிறார்கள். ஆகவே பலரின் கண் பந்தயக் கார்களுக்கென்று செய்யப்பட்ட மெல்லிய கூரைகளின் மேல் விழுகிறது. விலை குறைவு, எடை குறைவு, பார்வைக்கும் அழகு.

எமது நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கூரையை வாங்கினார். பழைய பந்தயக் காரொன்றில் இருந்து கழற்றிய கண்ணாடி இழைக் கூரை அது. நான்கு ஊசிப் பூட்டுகளால் காரில் பொருத்தி, மகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கூரையின் முன்விளிம்பு ஒரு விரல் அளவு மேலெழுந்து படபடக்கத் தொடங்கியது. ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கூரையையும் பிடித்தபடி அடுத்த வெளியேறும் பாதை வரை வந்து சேர்ந்தார். கூரை பறந்திருந்தால் அது பின்னால் வந்த காரின் முன்கண்ணாடியில் போய் விழுந்திருக்கும்.

அந்தக் கூரையை வீசிவிடாமல், ஒரு குளிர்காலம் முழுவதும் நாம் சிலர் சேர்ந்து திருத்தினோம். அப்போது கற்றவற்றையும், இத்துறையில் பொதுவாக அறியப்பட்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு இது உதவும். வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் உதவும்.

எந்தக் கார், எந்தக் கூரை

இக்கட்டுரையில் மஸ்டா எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். வட அமெரிக்காவில் இதனை மியாட்டா என்பார்கள். 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, ஹிரோஷிமாவில் தயாராகும் இந்த இரண்டு இருக்கைக் கார், 2016 இல் பத்து இலட்சமாவது காரைத் தொட்டது. உலகில் மிக அதிகமாக விற்பனையான இரண்டிருக்கைத் திறந்த கார் இதுவே. மற்றத் திறந்த கார்களுக்கும் இங்கே சொல்லும் அடிப்படைகள் பொருந்தும். பூட்டும் இடங்களும் அளவுகளும் மட்டுமே மாறும்.

எம்எக்ஸ்-5 இன் முதலாம் தலைமுறையும் (1989 முதல் 1997 வரை) இரண்டாம் தலைமுறையும் (1998 முதல் 2005 வரை) ஒரே ஹார்ட்டாப்பை ஏற்கும். அச்சில் அழுத்திய பிளாஸ்டிக் கலவையால் ஆன இத்தொழிற்சாலைக் கூரை ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. முன்புறம் இரண்டு பிடிப்பூட்டுகள், கதவுகளின் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, பின்தட்டில் இரண்டு பிடிமானங்கள் என ஆறு இடங்களில் அது காரோடு இணைகிறது. துணிக்கூரையை மடித்து வைத்துவிட்டு அதன் மேலேயே இதனைப் பூட்டலாம்.

பந்தயக் கூரை வேறு சாதி. அமெரிக்காவில் ஸ்பெக் மியாட்டா என்ற பந்தய வகுப்பு மிகப் பிரபலமானது. ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஒஃப் அமெரிக்காவும் நாசாவும் இதனை நடத்துகின்றன. இந்த நாசா விண்வெளிக்குப் போவதில்லை. இது நேஷனல் ஓட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன். இவ்வகுப்பையும் இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வகுப்புகளையும் ஒட்டி வளர்ந்த சிறு பட்டறைகள் கண்ணாடி இழையிலும் கார்பன் இழையிலும் மெல்லிய கூரைகளைச் செய்து விற்கின்றன. நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று, தொழிற்சாலைக் கூரையின் பாதி எடையிலேயே அமைந்துவிடும்.

பந்தயக் கூரை எதை விட்டுவிடுகிறது

எடை எங்கிருந்து குறைந்தது என்று கேட்டால், வேலை முழுவதும் விளங்கிவிடும். பந்தயக் கூரையில் உட்புறத் துணி இல்லை. சத்தம் தடுக்கும் பஞ்சும் இல்லை. கதவுக் கண்ணாடி வந்து அமரும் இறப்பர் பட்டி இல்லை. பின்புறம் கண்ணாடிக்குப் பதிலாகப் பொலிகார்பனேட் தகடு. அதில் பனிப்புகை நீக்கும் மின்கம்பிகள் இல்லை. கைப்பிடி திருப்பிப் பூட்டும் பூட்டுகளுக்குப் பதிலாகப் போல்ட்டுகள் அல்லது ஊசிகள்.

இவற்றை யாரும் கவனக்குறைவால் விடவில்லை. பந்தயக் காரில் ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்திருப்பார். அவரைச் சுற்றி உருக்குக் குழாய்க் கூடு, அதாவது ரோல் கேஜ், இருக்கும். பக்கக் கண்ணாடிகள் இறக்கப்பட்டோ அகற்றப்பட்டோ இருக்கும். ஓட்டம் முப்பது, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர் யாராவது ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பார்கள். இரவில் கார் மழையில் நிற்பதில்லை.

வீதியில் இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. ஆகவே வீதிக்கு மாற்றுவது என்றால், அந்தக் கூரை எதையெல்லாம் இருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டதோ, அவற்றுக்கு ஒவ்வொன்றாக ஈடு கட்டுவது என்று பொருள்.

முதலில் தலை

அழகையும் மழையையும் பிறகு பார்ப்போம். முதற் கேள்வி, கார் உருண்டால் தலைக்கு என்ன ஆகும் என்பது.

கடினக் கூரை உருளும் காரைத் தாங்காது. தொழிற்சாலைக் கூரையும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, பந்தயக் கூரை அறவே அல்ல. இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள இழைத் தகடு, ஒரு தொன் அளவுள்ள காரின் கீழ் நொறுங்கிப் போகும். பந்தயத்தில் காரைத் தாங்குவது கூட்டின் உருக்குக் குழாய்கள்தான். கூரை பூட்டியதும் காருக்குள் வரும் பாதுகாப்பு உணர்வு பெரும்பாலும் மன உணர்வே.

அப்படியென்றால் வீதிக் காரிலும் முழுக் கூட்டைப் பொருத்திவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது இன்னும் ஆபத்தானது. முழுக் கூட்டின் குழாய்கள் முன்கண்ணாடி ஓரமாகவும் கதவின் மேலாகவும் தலைக்கு மிக அருகே ஓடுகின்றன. தலைக்கவசம் இல்லாத தலை, சாதாரண மோதலில்கூட அக்குழாயில் போய் அடிபடும். எஸ்எஃப்ஐ 45.1 என்ற தர எண் கொண்ட கெட்டியான திணிப்பு, தலைக்கவசம் அணிந்த தலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வெறுந்தலைக்கு அதுவும் கல்போலத்தான் இருக்கும்.

வீதிக்கு ஓரளவு பொருத்தமானது, இருக்கைகளின் பின்னால் மட்டும் நிற்கும் ரோல் பார். தலைக்கும் அதற்கும் போதிய இடைவெளி இருக்க வேண்டும். எட்டக்கூடிய பகுதிகளில் திணிப்பு இருக்க வேண்டும். ஓட்டுநரின் உச்சந்தலை, பாரின் உச்சியை விடத் தெளிவாகத் தாழ்ந்திருக்க வேண்டும். உயரமானவர்கள் எம்எக்ஸ்-5 இல் இதனைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். எல்லா ரோல் பாரும் ஹார்ட்டாப்புக்குக் கீழே அடங்குவதில்லை. சில பந்தயக் கூரைகள் தொழிற்சாலைக் கூரையை விடத் தாழ்ந்தவை. ஆகவே கூரையை வாங்குமுன் இருக்கையில் அமர்ந்து அளவெடுங்கள்.

கூரையின் உட்புறத்திலும் கண் வைக்க வேண்டும். வெட்டிய விளிம்புகள், நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகள், ரிவெட் தலைகள் ஆகிய எல்லாம் தலைக்கு நேர் மேலே இருப்பவை. ஒவ்வொரு போல்ட் முனைக்கும் குமிழ் நட் போட்டு, விளிம்புகளுக்கு இறப்பர் ஓரம் கட்டுவது எமது முதல் வேலையாக இருந்தது.

காற்று மேலே இழுக்கும்

நண்பரின் கூரை எழுந்ததற்குக் காரணம் எளிது. கார் ஓடும்போது வளைந்த கூரையின் மேல் காற்று விரைந்து செல்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே அழுத்தம் கூடுதலாக உள்ளது. கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது.

அளவை உணர ஒரு கணக்கு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 460 நியூட்டன், அதாவது 47 கிலோ எடைக்குச் சமம். இதில் ஒரு பங்குதான் தூக்கு விசையாக மாறும். ஆனால் கூரையின் பரப்பு ஒரு சதுர மீற்றரை ஒட்டியது, எடையோ பத்துக் கிலோ. பாதி மாறினாலே கூரை எழும்பப் போதும். வேகம் இரட்டித்தால் இவ்விசை நான்கு மடங்காகும். ஜன்னலைத் திறந்தால் உள்ளழுத்தம் மாறி இன்னும் கூடலாம். எதிரே பெரிய லொறியொன்று கடந்து போகும்போது ஒரு நொடிக்குள் எல்லாம் மாறிப் போகும்.

ஆகவே பிணைப்பைப் பற்றி மூன்று விதிகள்.

முதலாவது, தொழிற்சாலை தந்த பிடிமான இடங்களையே பயன்படுத்துங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தில் உள்ள பிடிகள், கதவின் பின்னுள்ள பக்கத் தகடுகள், பின்தட்டு ஆகியவை உடலின் வலுவான இடங்கள். முன்புறத்துக்குத் துணிக்கூரையின் பிடிப்பூட்டுகளையே கழற்றிப் பயன்படுத்தலாம். மெல்லிய உடல் தகட்டில் புதிதாகத் துளையிட்டு வெறும் திருகாணியால் பூட்டினால், அது பிய்ந்து வர நாளெடுக்காது.

இரண்டாவது, இழைத் தகட்டில் போல்ட்டை நேரடியாக இறுக்காதீர்கள். கண்ணாடி இழையும் கார்பன் இழையும் விரிந்த பரப்பில் வலுவானவை. ஒரு புள்ளியில் நசுக்கினால் உள்ளே நொறுங்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் உள்ளங்கை அளவு உலோகத் தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். துளைக்குள் சிறு உலோகக் குழல் வைத்தால், போல்ட் எவ்வளவு இறுகினாலும் இழை நசுங்காது. வெட்டிய துளையின் விளிம்பை எபொக்சி பூசி மூடினால் உள்ளே ஈரம் ஏறாது.

மூன்றாவது விதியைத்தான் பலர் மறக்கிறார்கள். திறந்த காரின் உடல் முறுகும். கூரையில்லாத கார் மேடுபள்ளத்தில் ஓடும்போது முன்பகுதியும் பின்பகுதியும் சிறிதளவு எதிரெதிர்த் திசையில் திரும்பும். பந்தயக் காரில் கூடு அதனைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் அங்கே கூரையை நேராகப் போல்ட்டால் இறுக்க முடிகிறது. கூடில்லாத வீதிக் காரில் அப்படி இறுக்கினால், முறுக்கத்தைக் கூரையே தாங்க நேரிடும். சில மாதங்களில் போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திர வடிவில் வெடிப்புகள் தோன்றும். எனவே ஒவ்வொரு பிணைப்பிலும் தடித்த இறப்பர் வாஷர் போன்ற மெத்தை தேவை. கூரை இறுக்கமாக நிற்க வேண்டும், ஆனால் உடலோடு சேர்ந்து அசையவும் இடம் வேண்டும்.

ஊசிப் பூட்டுகளை வீதிக் காரில் முதன்மைப் பிணைப்பாகப் பயன்படுத்தவே கூடாது என்பது எமது கருத்து. அவை விரைவாகத் திறப்பதற்காக உருவானவை. திருடனுக்கும் அவை விரைவாகத் திறக்கும். ஹார்ட்டாப் திருட்டு ஊரறிந்த விடயம். உள்ளிருந்து மட்டும் கழற்றக்கூடிய போல்ட்டுகள் இரண்டு பிரச்சினையையும் தீர்க்கும்.

பின்கண்ணாடி

பொலிகார்பனேட்டின் அடர்த்தி கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. சுத்தியலால் அடித்தாலும் இலகுவில் உடையாது. பந்தயத்தில் அதனை விரும்புவது இதற்காகவே. வீதியில் அதற்கு நான்கு எதிரிகள் உண்டு.

கீறல் முதலாவது எதிரி. பனியைச் சுரண்டும் தகட்டால் ஒருமுறை தேய்த்தால் போதும், இரவில் பின்வரும் காரின் விளக்கொளி முழுத் தகட்டிலும் சிதறித் தெரியும். கீறலைத் தாங்கும் மேற்பூச்சு உள்ள தகட்டையே வாங்க வேண்டும். பனியை மென்மையான தூரிகையால் மட்டுமே அகற்ற வேண்டும்.

இரண்டாவது எதிரி வெயில். புறஊதாக் கதிர்த் தடுப்பில்லாத தகடு சில ஆண்டுகளில் மஞ்சளாகும்.

இரசாயனங்கள் மூன்றாவது. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும், அசிற்றோனும், பெற்றோலும் பொலிகார்பனேட்டைக் கெடுக்கும். போல்ட் தளராமல் இருக்க விடும் பூட்டுத் திரவம் பட்டாலும், துளையைச் சுற்றி நுண்ணிய வெடிப்புகள் ஓடும். நாமும் முதல் தகட்டை அப்படித்தான் இழந்தோம். நைலோன் வளையம் உள்ள நட்டைப் பயன்படுத்தினால் அத்திரவமே தேவையில்லை. துடைப்பதற்கு மென்சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

நான்காவது எதிரி வெப்ப விரிவு. ஒன்ராறியோவில் கூரை கோடையில் 70 பாகை செல்சியஸ் வரை சூடேறலாம், குளிர்காலத்தில் மறை 20 வரை இறங்கலாம். இந்த 90 பாகை வித்தியாசத்தில் ஒரு மீற்றர் நீளப் பொலிகார்பனேட் தகடு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீண்டு குறுகும். அதே நீளக் கண்ணாடியின் மாற்றம் ஒரு மில்லிமீற்றரை எட்டாது. துளையைத் திருகாணிக்குச் சரியான அளவில் போட்டால், தகடு கோடையில் பிதுங்கும் அல்லது குளிரில் வெடிக்கும். நடுவில் உள்ள திருகாணியை மட்டும் அளவாக வைத்து, மற்றத் துளைகளைத் திருகாணியை விட 3 முதல் 4 மில்லிமீற்றர் பெரிதாகப் போட்டு, அகலமான வாஷரும் இறப்பரும் வைத்து மெதுவாகப் பூட்டுவது சரியான முறை.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பவர்கள் உண்மையான கண்ணாடியைப் பொருத்தலாம். சில கூரைகள் தொழிற்சாலைக் கண்ணாடி அமரும் பள்ளத்தோடே வார்க்கப்படுகின்றன. அப்படிப்பட்ட கூரையை வாங்குவது நல்லது. ஏனென்றால் கடினமாக்கிய கண்ணாடியைப் பின்னர் வெட்டவோ துளைக்கவோ முடியாது, முழுவதும் பொடியாகிவிடும். மின்கம்பி உள்ள கண்ணாடியென்றால் குளிர்காலப் புகைமூட்டத்துக்கும் தீர்வு கிடைக்கிறது.

மழைநீர் எங்கே போகிறது

எம்எக்ஸ்-5 இல் துணிக்கூரையின் அடிவிளிம்போடு ஒரு நீர்த்தாங்கி ஓடுகிறது. கூரையில் விழும் மழை அதனுள் சேர்ந்து, இருக்கைகளின் பின்னே பக்கத்துக்கு ஒன்றாக உள்ள வடிகால்கள் வழியே காரின் அடியில் போய் விழும். துணிக்கூரையைக் கழற்றும்போது பலர் இந்த நீர்த்தாங்கியையும் சேர்த்துக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பந்தயத்துக்கு அது சரி. வீதியில் அடுத்த மழைக்கே கம்பளம் ஊறும். அதைவிடக் கேடானது, வடிகால் இலைகளால் அடைபட்டால் நீர் கதவின் கீழுள்ள பெட்டித் தகட்டுக்குள் தங்கி, உள்ளிருந்து துருவேறும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு போயிருக்கும்.

எனவே துணிக்கூரையை வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், பின்தட்டுக்கும் கூரைக்கும் இடையே மூடிய கண்களுள்ள இறப்பர் நுரைப் பட்டி தொடர்ச்சியாக ஓட வேண்டும். இடையில் வெட்டும் இணைப்பும் இருந்தால் அவ்விடத்தில் கசியும். வடிகால்களை ஆண்டுக்கு இருமுறை வளையும் நைலோன் கம்பியால் மெதுவாகத் துப்புரவாக்குங்கள்.

கதவுக் கண்ணாடிக்கு இந்தக் காரில் சட்டம் கிடையாது. ஏற்றிய கண்ணாடி நேராகக் கூரையின் இறப்பர் பட்டியில் போய் அழுந்த வேண்டும். பந்தயக் கூரையில் அந்தப் பட்டிக்கான தடமே இருக்காது. அலுமினியத் தடத்தை வளைத்து, கூரையின் ஓரத்தில் ரிவெட் செய்து, தொழிற்சாலைப் பட்டியை அதில் பொருத்தலாம். பின்னர் கதவின் உட்பலகையைக் கழற்றிக் கண்ணாடியின் சாய்வைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இது பொறுமைக்கான வேலை. நாம் இதற்கு மட்டும் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டோம்.

சரியாக அமர்ந்ததா என்று பார்க்க எளிய வழியொன்று உண்டு. காகிதத் துண்டொன்றைப் பட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே வைத்துக் கண்ணாடியை ஏற்றுங்கள். இழுக்கும்போது காகிதம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் இடைவெளி உள்ளது. விளிம்பு முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தம், சூடு, உப்பு

மெல்லிய இழைத் தகடு பறைபோல ஒலிக்கும். மழைத்துளி ஒவ்வொன்றும் கேட்கும். ஒலி தணிக்கும் பியூட்டைல் தகடுகளைக் கூரையின் நடுப்பகுதியில் சிறு சிறு துண்டுகளாக ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கும். முழுவதும் ஒட்டினால் மிச்சப்படுத்திய எடை திரும்பி வந்துவிடும். அதன் மேல் நுரையும் துணியும் போடலாம். கார் உட்புறத்துக்கென விற்கும் துணியையே வாங்குங்கள். உட்புறப் பொருட்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் எரிந்து பரவக்கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி 302. வீட்டுத் தளபாடத் துணியும் கட்டில் நுரையும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

கூரையின் நிறமும் கவனிக்கத்தக்கது. கையால் பூசி வார்த்த சில பிசின்கள் 60, 70 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். கறுப்புக் கூரை ஜூலை வெயிலில் அதனை எட்டிவிடும். வெளிர் நிறப் பூச்சு கூரையின் வடிவத்தையும் காக்கும், உள்ளே இருப்பவரையும் காக்கும்.

கார்பன் இழைக் கூரை வைத்திருப்போர் உப்பை மறக்கக்கூடாது. கார்பன் மின்கடத்தி. அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அது சிறு மின்கலம் போல இயங்கி அலுமினியத்தை அரித்துத் தின்னும். குளிர்காலத்தில் வீதியெங்கும் உப்புக் கொட்டும் நாடுகளில் இது ஒரே பருவத்தில் தெரியவரும். துருவேறா உருக்குப் போல்ட்டுகளைப் பயன்படுத்துங்கள். அலுமினியத் தகட்டுக்கும் கார்பனுக்கும் இடையே கண்ணாடி இழையோ இறப்பரோ வையுங்கள்.

துளையிடும்போதும் அரத்தால் தேய்க்கும்போதும் இழைத்தூள் பறக்கும். சரியான வடிகட்டியுள்ள முகக்கவசமும், கண்ணாடியும், கையுறையும், முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். இந்த வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டுக் கராஜிலும் செய்யாதீர்கள்.

சட்டமும் காப்புறுதியும்

வாகனக் கண்ணாடிக்குப் பல நாடுகளில் தரவிதி உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பாதுகாப்பு விதி 205, ஐரோப்பாவில் ஐநா ஒழுங்குவிதி 43, அவுஸ்திரேலியாவில் வடிவமைப்பு விதி 8. இவை எந்தப் பொருள் எந்த ஜன்னலில் இருக்கலாம் என்று பிரித்துச் சொல்கின்றன. தரம் பெற்ற தகட்டின் மூலையில் அதற்கான குறி பொறிக்கப்பட்டிருக்கும். குறியில்லாத பொலிகார்பனேட் தகடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பரிசோதகரின் பார்வையில் அது வெறும் பிளாஸ்டிக்தான்.

ஜேர்மனியில் வாழ்வோருக்கு விதி இன்னும் கடுமையானது. அங்கீகாரச் சான்றில்லாத உதிரிப்பாகத்தைப் பொருத்தினால், பரிசோதனை செய்து வாகனப் பத்திரத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம். ஆகவே அங்குள்ளவர்கள் கூரையை வாங்குமுன்னரே பரிசோதகரிடம் பேசிவிடுவது நல்லது.

எந்த நாடாக இருந்தாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். கட்டணம் சற்றுக் கூடலாம் என்று அஞ்சிப் பலர் மறைக்கிறார்கள். கூரை கழன்று வேறொருவர் காயப்பட்டால், சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடும்.

வீதிக்கு ஏறுமுன்

எல்லாம் முடிந்த பின் நாம் பின்பற்றிய ஒழுங்கு இது.

முதலில் தண்ணீர்ப் பரிசோதனை. ஒருவர் உள்ளே விளக்கோடு அமர, மற்றவர் குழாயால் கீழிருந்து மேலாக மெதுவாக நீர் பிடிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே கசிகிறது என்று பிரித்தறிய முடியாது.

அடுத்து ஒவ்வொரு நட்டின் மீதும் அதன் அடித்தகட்டின் மீதும் சேர்த்து ஒரு கோடு வரையுங்கள். நட் தளர்ந்தால் கோடு விலகி நிற்கும்.

பின்னர் போக்குவரத்தில்லாத வீதியில் மணிக்கு 60, அடுத்து 80, பிறகே 100. ஒவ்வொரு படிக்குப் பின்னும் நிறுத்தி, முன்விளிம்பையும் கோடுகளையும் பாருங்கள். ஜன்னலைத் திறந்து ஒருமுறையும் மூடி ஒருமுறையும் ஓடிப் பாருங்கள். இந்நாட்களில் கூரையின் உட்புறத்தை ரோல் பாரோடு ஒரு உறுதியான பட்டியால் கட்டி வைத்திருந்தோம். பிணைப்பு விட்டாலும் கூரை காரை விட்டுப் போகாது. அந்தப் பட்டியை நாம் இன்றுவரை கழற்றவில்லை.

முதல் 100 கிலோமீற்றரில் ஒருமுறை, முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை, அதன்பின் பருவத்துக்கு ஒருமுறை எல்லாப் பிணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

செய்யலாமா

செலவைக் கூட்டிப் பார்த்தோம். இறப்பர் பட்டிகள், தகடுகள், இரண்டாவது பொலிகார்பனேட், போல்ட்டுகள், பூச்சு எல்லாம் சேர்த்தபோது, மலிவாக வாங்கிய கூரை தொழிற்சாலைக் கூரையின் விலையை நெருங்கிவிட்டது. எமது வார இறுதிகளை நாம் கணக்கில் எடுக்கவில்லை. எடையிலும் பாதி திரும்பி வந்துவிட்டது. ஆகவே பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக இந்த வேலையில் இறங்க வேண்டாம். தொழிற்சாலைக் கூரை கிடைத்தால், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் அதையே வாங்குங்கள்.

கூரை கிடைக்காதவர்களும், பந்தயத் திடலுக்கும் வேலைக்கும் ஒரே காரில் போகிறவர்களும், கையால் செய்வதில் விருப்பமும் பொறுமையும் உள்ளவர்களும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒழுங்கை மாற்றாதீர்கள். முதலில் தலை, அடுத்து பிணைப்பு, அதன்பின் கண்ணாடி, பிறகே மழையும் சத்தமும். பலர் நிறப்பூச்சில் தொடங்கிப் போல்ட்டில் முடிக்கிறார்கள். எமது நண்பரும் அன்று அப்படித்தான் தொடங்கியிருந்தார். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூரைக்குப் புத்தம்புதுப் பூச்சு இருந்தது, நான்கு ஊசிகளில் ஒன்று சரியாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை.